மாப்பிள்ளையின் உப்பிய முகம்

வியாழன் இரவு, 1954, மலாக்கா.

என் தங்கை மாப்பிள்ளை பெருமாளுக்கு நினைவு திரும்பிவிட்டது. மாலையில் வார்டு டாக்டரே சொன்னார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால்தான் மயங்கி விழுந்தாராம்.

ரத்தக் குழாய் அழற்சி அடங்கி, மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்துவரும் கட்டம் இது. அந்த மாத்திரை முகத்தை உப்பவைக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். செலண்டார் தோட்டத்தில் அதை யாரிடம் விளக்குவது? காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று இந்த அவசரகாலத்தில் அளந்துதான் கொடுக்கிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயமே கன்னம் ஒட்டிக் கிடக்கிறது. இவர் முகம் மட்டும் வட்டமாக இருந்தது.

"என்னய்யா பெருமாளு, காட்டுல இருக்கறவங்க ஒனக்குத் தனியா சமைச்சுப் போடுறாங்களா?" என்று கங்காணி கேட்க, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் தோட்டத்து கேட்டில் நின்ற போலீஸ்காரர் சிரிக்கவில்லை. இவருடைய முகத்தையே வெகுநேரம் பார்த்தாராம்.

"மெலிஞ்சிட்டா விட்ருவாங்கன்னு நெனச்சிருக்காரு, அண்ணே. மாத்திரைய நிறுத்துனது எனக்கே தெரியாதுலா," என்று தங்கை அழுதாள்.

நான் கட்டிலருகே போனதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"முகம் வத்திருச்சா, மச்சான்?"

கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லிட்டிருந்தது.

மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார்கள். முகம் மறுபடி உப்பும். அதை அவரிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. நோய் திரும்பிச் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்பது திங்கட்கிழமை தெரியும் என்றார் டாக்டர்.