உங்கள் கைக்குப் போன என் எண்

துறைமுகக் கோர்ட்டில் டைப் அடிக்கும் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு விளங்கப் போவதில்லை. போன மாதம் ஒரு மத்தியான நேரத்தில் போனில் வந்து, "ஏண்டி திருடி, என் போனை எடுத்து வச்சுக்கிட்டு என்னையே யாருன்னு கேக்குறியா?" என்று கத்தினாளே ஒருத்தி, அவள் நான்தான். முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசிவிட்டேன். நீங்கள் பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. "நான் துறைமுகக் கோர்ட்ல டைப்பிஸ்ட். இன்னொரு தடவை கூப்பிட்டா கேஸ் போட்டு உள்ள தள்ளிடுவேன்" என்று மட்டும் சொன்னீர்கள். கோபத்தில் நீங்கள் சொன்ன அந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம் வருகிறது. அங்கே எத்தனை பேர் டைப் அடிக்கிறார்களோ தெரியாது. வேறு யாராவது இதைப் பிரித்திருந்தால், போனில் திட்டு வாங்கிய அம்மா யார் என்று விசாரித்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். என் கணவர் எண்ணையும், எங்கள் சூப்பர்வைசர் எண்ணையும் நீங்கள் தடுத்து வைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது, மணியே அடிப்பதில்லை. என் மகள் தோழியின் போனிலிருந்து கூப்பிட்டாள். "நாங்க அந்தத் திருடின்னு..." என்று ஆரம்பித்தவுடனே வைத்துவிட்டீர்கள். ஆரம்பிக்க வேறு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லை. புத்தி அம்மாவைக் கொண்டிருக்கிறது, என்ன செய்ய?

நடந்ததைச் சொல்கிறேன். நான் ஒரு லாட்ஜின் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் மலை மாதிரி வரும். வெள்ளையை வெள்ளையோடு பிரித்து மெஷினில் போட்டு, பிழிந்து, உலர்த்தி, சூடு குறைவதற்குள் நாலு மூலையும் சேர்த்து மடிக்க வேண்டும். அன்று என் போனைக் காணவில்லை. துணிக் குவியலுக்குள் விழுந்து மெஷினுக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று குவியலை எல்லாம் உதறிப் பார்த்தேன். சூப்பர்வைசர் அக்கா தன் போனிலிருந்து என் எண்ணை அழுத்தி, எங்கே மணி அடிக்கிறது என்று கேட்கச் சொன்னார். கூடத்தில் எங்கேயும் மணி அடிக்கவில்லை. ஆனால் யாரோ எடுத்து ஹலோ என்றார்கள். அது நீங்கள். எனக்கு வேறு எப்படி அம்மா தோன்றும்?

அப்புறம் என் போன் ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து கிடைத்தது. அதில் விளக்கு எரிந்தது, மணி காட்டியது, சார்ஜும் நிறைய இருந்தது. எண் மட்டும் அதில் இல்லை. எண் போய் உங்களிடம் சேர்ந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

இது எங்கள் சிக்கனம் செய்த வேலை. மகள் காலேஜில் சேர்ந்த வருடம் வீட்டில் எதையெல்லாம் நிறுத்தலாம் என்று நானும் அவரும் உட்கார்ந்து பேசினோம். பேப்பரை நிறுத்தினோம், கேபிளை நிறுத்தினோம். "ஒரு வீட்டுக்கு ரெண்டு போன் எதுக்கு? உனக்கு எவன் போன் பண்றான்? என் போன்லயே பேசிக்க" என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் என் எண்ணுக்கு வரும் ஒரு போன் உண்டு, அது வராமல் போய்விடக் கூடாதே என்றேன். காசு கட்டாவிட்டால் நாம் பேசத்தான் முடியாது, வருகிற போன் வரும் என்று அவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் நினைப்பு. அந்த எண்ணை வாங்கின காலத்தில் கடைக்காரர், "இன்கமிங் உங்க ஆயுசு முழுக்க ஃப்ரீம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தச் சட்டமெல்லாம் எப்போதோ மாறிவிட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாறியதைச் சொல்லும் தகவல் போனில்தான் வந்திருக்கும். விளம்பரம் என்று நினைத்துப் பிரிக்காமல் அழித்திருப்பேன். அதற்குப் பிறகும் அந்தப் போனை ஒரு நாள் விடாமல் சார்ஜ் போட்டு, முன்பையில் வைத்துக்கொண்டு, மெஷின் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்ததை மடியில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அந்த ஒரு போன் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பியுடையது. அம்மா அப்பா போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணமான பிறகும் அவன் என்னோடுதான் இருந்தான். என் கணவரும் அவனை ஒரு நாளும் வேற்றாளாகப் பார்த்ததில்லை. நன்றாகப் படித்தவன், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினான். பிறகு மனது சரியில்லாமல் போனது. யாரோ வீட்டுக்குள் வரப் போகிறார்கள், அக்காவை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று ஒரு பயம். மாத்திரை சாப்பிட்டால் அடங்கும். உடம்பு ஊதுகிறது என்று சில நாள் சாப்பிட மாட்டான். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் படுக்கையில் ஆள் இல்லை. வெளிக் கேட் பூட்டியிருந்தது. வெளியே நின்று பூட்டி, சாவியைக் கம்பி வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். போகும்போதும் எனக்குக் காவல் பார்த்துவிட்டுத்தான் போனான் அம்மா. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். வயது வந்த ஆள், தன் காலால் போயிருக்கிறார் என்றார்கள். தேடாத ஆஸ்பத்திரி இல்லை. பிறகு ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது, அவன் குரல். வழியில் போகிற யாரிடமாவது போனை வாங்கிப் பேசுவான். நான் திரும்பக் கூப்பிட்டால் போன்காரர், "அவரு அப்பவே போயிட்டாரும்மா" என்பார். ஒவ்வொரு முறையும் வேறு ஊர். வருடத்துக்கு இரண்டு தடவை வந்தாலே அதிகம். ஆனால் அது வந்தால் என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அந்த எண் ஒன்றுதான். போன் வாங்கின புதிதில் என் எண்ணே எனக்கு நிற்காது. மக்கு அக்கா என்று கிண்டல் செய்து, வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு அவன்தான் சொல்லிக் கொடுத்தான். அந்த எண்ணைத்தான் நான் மிச்சம் பிடிக்கப் போய் விட்டுவிட்டேன்.

எண்ணைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வரவில்லை. கம்பெனி ஆபீஸில் விசாரித்தோம். நீங்கள் விட்டுக் கொடுத்தாலும் அது எங்களுக்கே வரும் என்று உறுதி சொல்ல முடியாதாம், மூன்றாவது ஆளுக்குப் போனாலும் போகுமாம். அதற்கு உங்களிடம் இருப்பதே மேல். நான் கேட்பது இதுதான். தெரியாத எண்ணிலிருந்து ஓர் ஆண் குரல் கூப்பிட்டு, "அக்கா, கேட்டைப் பூட்டிட்டியா?" என்று கேட்டால் தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். "பூட்டிட்டேன்பா, சாவி என் கையிலதான் இருக்கு" என்று சொல்லுங்கள். அந்தப் பதில் கேட்டால்தான் அவன் அடுத்த வார்த்தை பேசுவான். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள். எங்கள் எண்ணை அவனிடம் சொல்ல வேண்டாம், புதிதாக எதைச் சொன்னாலும் மிரண்டுவிடுவான். என் கணவர் எண்ணையும் எங்கள் வீட்டு விலாசத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் எங்களுக்குச் சொன்னால் போதும்.

முன்பின் தெரியாத உங்களிடம் இப்படி ஒரு பாரத்தைத் தூக்கி வைக்கிறேன். உங்களுக்கும் ஒரு தம்பியோ அண்ணனோ இருப்பார் என்ற தைரியம்தான்.

இப்படிக்கு,
உங்களைத் திட்டியவள்.


அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. டைப் அடிக்காமல் கைப்பட எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு எனக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களைத் திட்டிய மறுநாளே அவன் கூப்பிட்டிருக்கிறான். முதல் நாள் திட்டின கும்பல்தான் ஆம்பளைக் குரலில் மறுபடியும் வருகிறது என்று நினைத்து, "இங்க உனக்கு அக்காவும் இல்ல, பூட்டுறதுக்கு கேட்டும் இல்ல, போனை வை" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இருக்காதீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. முதல் நாள் நான் ஒழுங்காகப் பேசியிருந்தால் மறுநாள் நீங்களும் ஒழுங்காகப் பேசியிருப்பீர்கள். என் வாயே அவனுக்கு எமனாக வந்தது.

அவன் கூப்பிட்ட எண் என்று நீங்கள் தேடிக் கொடுத்ததைக் கூப்பிட்டோம். எடுத்தவர் ஒரு லாரி டிரைவர், நல்ல மனுஷன். அவனை நினைவு வைத்திருக்கிறார். நெடுஞ்சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று போனைக் கேட்டானாம். பேசி முடித்துவிட்டு, போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தானாம். "யாரு தம்பி, வீட்டுலயா பேசின?" என்று கேட்டதற்கு, "இல்லீங்க, அக்கா அங்க இல்ல. வேற யாரோ குடி வந்துட்டாங்க" என்று சொன்னானாம். டிரைவர் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். வரவில்லை. எந்தப் பக்கம் போனான் என்று அவர் கவனிக்கவில்லை.

நானும் என் கணவரும் அந்தக் கடைக்குப் போய் வந்தோம். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பஸ். கடைக்காரர், "ஒரு நாளைக்கு ஆயிரம் பேரு வர்றாங்கம்மா" என்றார். பக்கத்தில் இருந்த பெட்ரோல் பங்கு, பாலத்தடி, லாரி நிறுத்தும் இடம் எல்லாம் போட்டோவைக் காட்டிக் கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தோம். மறுநாள் அவர் எனக்கு ஒரு புது எண் வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் பழைய போனிலேயே போட்டு, வருடம் முழுக்கச் சேர்த்துக் காசும் கட்டிவிட்டார். "இப்ப வேலை செய்யுதும்மா" என்று என் கையில் கொடுத்தார். அந்த எண் உலகத்தில் எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

எண்ணை விட்டுவிடுகிறேன், எப்படியாவது நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், விட்டுவிடாதீர்கள். இனிமேல் அவன் கூப்பிட மாட்டான் என்று என் அறிவு சொல்கிறது. ஆனால் பயம் வந்தால் அவன் விரல் தானாக அந்த எண்ணுக்குத்தான் போகும். அப்போது எடுப்பது உங்கள் குரலாக இருக்கும். என் குரல் மாதிரி பேச வேண்டாம், உங்கள் குரலிலேயே பேசுங்கள். அக்கா என்று கூப்பிட்டால், என்னப்பா என்று கேளுங்கள். நான் உன் அக்கா இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கூப்பிட்டால் பதில் சொல்ல அவனுக்கு ஓர் அக்கா இருந்தால் போதும். அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று இனி நான் கேட்க மாட்டேன்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். உங்கள் போனில் எப்போதும் சார்ஜ் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அந்த எண்ணில் உங்களுக்கு முன்பு இருந்தவள்.