வலது ஓரம் எழுபது

1984 ஜனவரி 9, திங்கள். ஒட்டுசுட்டான்

இன்று முற்பகல் பத்தேகால் மணிக்கு, மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, கொம்பியூட்டரில் எடிற்றரின் வலது ஓரத்தை அறுபத்தைந்தாம் கட்டத்திலிருந்து எழுபதாம் கட்டத்துக்கு நகர்த்துவதென்று தீர்மானித்து, நகர்த்தினேன். சாட்சிகள்: ஜெனரேற்றர் ஓட்டும் இளையதம்பி, சுவரில் ஒரு பல்லி. இருவரும் ஆட்சேபிக்கவில்லை.

பின்னணியையும் எழுதி வைப்பதுதான் முறை. எங்கள் குளத் திட்ட அலுவலகத்துக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கொம்பியூட்டர் வந்து நாலு மாதமாகிறது. கூட வந்த நிபுணர் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்குப் போனார். அங்கே இருந்து இந்த நாட்டைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்தாராம், திரும்பவில்லை. அவர் விட்டுச்சென்றவை: தடித்த கைந்நூல் ஒன்று, ரப்பர்ச் செருப்பு ஒரு சோடி, செய்நிரல் இரண்டு. முதலாவது எடிற்றர், அதில் பெயர்களைத் தட்டலாம், திருத்தலாம். இரண்டாவது, அவரே எழுதியது. எடிற்றரில் தட்டிய கோப்பைப் படித்து, பகுதிவாரியாகப் பிரித்து, காணிப் பட்டியலாக அச்சடிக்கும்.

குளத்தின் மேல்கரையில் முப்பத்தொரு குடும்பம். அவர்களை நிபுணர் தாமே பதிந்தார். கீழ்கரையில் பன்னிரண்டு. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து, காடு வெட்டிக் குடியிருப்பவர்கள். அவர்களைப் பதிவது என் பொறுப்பு. பெப்ரவரி 3 காணிக் கச்சேரி, அரசாங்கம் காணி பகிர்ந்தளிக்கும் கூட்டம். பட்டியலில் இருக்கும் பெயர் அன்று கூப்பிடப்படும், கூப்பிடப்பட்டவருக்கு அனுமதிப்பத்திரம். கூப்பிடப்படாதவர் அத்துமீறிக் குடியேறியவர், அடுத்த விதைப்புக்கு முன் காணியைவிட்டு எழும்பவேண்டும்.

ஏன் எழுபது? எழுத்துக்கு ஒரு கட்டமாக, ஒரு குடும்பத்தின் விவரம் அறுபத்தெட்டுக் கட்டம் பிடிக்கிறது. அறுபத்தைந்தில் ஓரத்தை வைத்தால் கடைசிப் பிள்ளை அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. குடும்பங்களைப் பிரிப்பது என் வேலை அல்ல.

ஜனவரி 10

டீசல் வரவில்லை. கொம்பியூட்டருக்கு ஓய்வு. எனக்குக் கடிதங்கள்.

ஜனவரி 12, வியாழன்

பன்னிரண்டு குடும்பத்தையும் பதிந்து முடித்தேன்.

எடிற்றருக்குள் நுழைய இரண்டு வாசல் உண்டு. ஒன்றில் ‘ஆவணம்’ என்றும் மற்றதில் ‘ஆவணமல்லாதது’ என்றும் இங்கிலிஷில் எழுதியிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கந்தோர்களில் எழுதியவனிடம் இப்படியும் ஒரு கேள்வியா? இதுவரை என் மேசையைவிட்டு ஆவணமல்லாதது எதுவும் போனதில்லை. முதல் வாசலால் நுழைந்தேன்.

உள்ளே இன்னொரு வசதியும் இருந்தது. கட்டளை கொடுத்தால் வரிகளின் வலது பக்கத்தையும் இடது பக்கம்போல நேராக்கித் தரும். என் பன்னிரண்டு வரிக்கும் கொடுத்தேன். நிபுணரின் வரிகளைத் தொடவில்லை. இன்னொரு உத்தியோகத்தர் எழுதியதில் கை வைப்பது வழக்கமில்லை.

அழகம்மா தேநீர் கொண்டுவந்தா. அலுவலகத்தில் தேநீர் போடுவதும் கூட்டுவதும் அவாதான். கீழ்கரையில் நாலாவது காணித் துண்டும் அவாவுடையது. புருசன் செத்துப்போனார். தம்பி ஆண்டியப்பனும் இரண்டு பெட்டைப்பிள்ளைகளும் கூட இருக்கிறார்கள்.

“ஐயா, இதுல நாங்க எங்க இருக்கோம்?”

விரல் வைத்துக் காட்டினேன். அவாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனாலும் குனிந்து நெடுநேரம் பார்த்தா.

“பச்சையா எரியுதுங்களே. அழிஞ்சிராதுங்களா?”

“இல்லை. டிஸ்கில பதிஞ்சாச்சு.”

“தோட்டத்துலயும் செக்ரோல்னு கூலிப் புத்தகத்துல பதிஞ்சாங்க. பேர வெட்டுனப்பதான் தெரிஞ்சிச்சு, பதிஞ்சிருந்தாங்கன்னு.”

அந்த வழக்கம் இங்கே இல்லையென்று உறுதி சொன்னேன். நன்றாகவே சொன்னேன்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்து கந்தோர் திறந்தது. ஆண்டியப்பனை நேற்று நெடுங்கேணிப் பக்கம் ஆமிக்காரர் பஸ்ஸால் இறக்கி, எந்த ஊர், கடதாசி எங்கே என்று கேட்டு, பின்னேரம் வரை வெயிலில் முழங்காலில் வைத்திருந்தார்களாம். அழகம்மா தேநீரில் சீனி போட மறந்துவிட்டா. எல்லாரும் அப்படியே குடித்தோம்.

“அந்தக் காணிக் கடுதாசி கெடச்சிருச்சுன்னா காட்டலாமுங்க” என்று மட்டும் சொன்னா.

ஜனவரி 18, புதன்

அச்சடித்தேன். முப்பத்தொரு குடும்பம்.

பிழையாக எண்ணினேன் என்று திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்று. மேல்கரை முழுதாக இருக்கிறது. கீழ்கரை என்ற தலைப்பே இல்லை. எடிற்றரைத் திறந்து பார்த்தால் நாற்பத்து மூன்று. கீழ்கரையார் பன்னிரண்டு பேரும் வலது ஓரம் பிசகாமல் அணிவகுத்து நிற்கிறார்கள். திரையில் வாழ்கிறார்கள். கடதாசியில் இல்லை.

பொறியியலாளர் கனகலிங்கத்திடம் போனேன்.

“சேர், கோப்பில நாப்பத்து மூண்டு கிடக்கு. அச்சில முப்பத்தொண்டுதான் வருது.”

“கொம்பியூட்டர் என்ன சொல்லுது?”

“ரெண்டையும் அதுதான் சொல்லுது, சேர்.”

“அச்சில வாறதைச் சொல்லும். திங்கட்கிழமை காணிக் கந்தோரில லிஸ்ற் நிக்கவேணும்.”

ஜனவரி 19

செய்தவை: டிஸ்க்கை வெளியே எடுத்து, ஊதி, திரும்பப் போட்டேன். முப்பத்தொன்று. வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். முப்பத்தொன்று. கீழ்கரையை மேல்கரைக்கு மேலே ஏற்றினேன். முப்பத்தொன்று. ஒவ்வொரு பெயரையும் அவர்கள் கையால் எழுதித் தந்த மனுவோடு ஒப்பிட்டேன். ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. அதுதான் பயமாயிருக்கிறது.

இளையதம்பி எட்டிப் பார்த்தான்.

“அண்ணை, கரண்ட் காணாது. முப்பத்தொரு பேருக்குத்தான் இழுக்குது. கூட்டிவிடட்டோ?”

கூட்டினான். மேசை விளக்கு வெடித்தது. முப்பத்தொன்று.

வீட்டில் மனைவி விமலேஸ்வரியிடம் சொன்னேன். “பன்னிரண்டு பேர்தானே, கையால எழுதிக் குடுங்கோவன்” என்றா. கைப்பட எழுதியதை இப்போது எடுக்கமாட்டார்கள் என்றேன். “அப்ப இவ்வளவு நாளும் இந்தக் கச்சேரியளை ஆர் நடத்தினது, கோழியோ?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

ஜனவரி 20, வெள்ளி

முப்பத்தொரு குடும்பப் பட்டியலில் கனகலிங்கம் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டார். ஒரு கிழமை தாருங்கோ என்று கேட்டேன்.

“மெஷின் எண்ணினதை மனிசன் திருத்துறதெண்டால் அதை ஏன் இறக்கினது, மயில்வாகனம்?”

“மனிசர் அங்க இருக்கினம், சேர். நடந்து போய்ப் பாக்கலாம். ரெண்டு மைல்கட்டை தூரந்தான்.”

“நடந்து போய்ப் பாத்தால் அது பழைய முறை.”

அழகம்மா கதவடியில் நின்றா. கேட்டிருப்பாவோ?

ஜனவரி 24, செவ்வாய்

பிழை பிடிபட்டது. பிழையின் பெயர் மயில்வாகனம்.

நாலு நாளாகக் கைந்நூலை முதற்பக்கத்திலிருந்து படித்துவந்தேன். இன்று நூற்று எழுபத்தோராம் பக்கம் சொன்னபடி, எடிற்றருக்குள் போகாமல், வெளியே நின்றபடி கோப்பைத் திரையில் காட்டச் சொன்னேன். மேல்கரை சுத்தமாக வந்தது. கீழ்கரையில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் ஏதோ கொக்கியும் புள்ளியுமாக இருந்தது. அழகம்மாவின் பெயருக்கு ஒரு வால். பிள்ளைகளின் பெயருக்கு ஒவ்வொரு வால். கீழ்கரை என்ற சொல்லுக்கும் ஒரு வால்.

‘ஆவணம்’ என்ற வாசலால் போய் வரியை நேர்ப்படுத்தினால், எந்தச் சொல் எங்கே முடிகிறதென்று தன் நினைவுக்காக எடிற்றர் கடைசி எழுத்தில் ஒரு அடையாளம் போட்டுவைக்குமாம். உள்ளே நின்று பார்ப்பவருக்கு அதைக் காட்டாது. அச்சடிக்கும் செய்நிரலுக்கோ அடையாளம் போட்ட எழுத்து வேறு எழுத்து. கீழ்கரை என்று ஒரு பகுதியை அது தேடியது, அப்படி ஒன்று இல்லை, கடந்து போய்விட்டது. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு சத்தம் இல்லை.

நிபுணர் எப்போதும் மற்ற வாசலால் போனவர். கைந்நூலின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறார்: பட்டியல்களுக்கு ஆவணமல்லாதது மட்டும். நான் ஏன் அதை முதலே பாக்கேல்லை? பாத்திருந்தாலும் நம்பியிருப்பனோ? காணிப் பட்டியல் ஆவணமில்லையெண்டு ஆர் சொன்னாலும் நான் சிரிச்சிருப்பன். நேர்ப்படுத்தச் சொல்லி என்னை ஆர் கேட்டது? ஆர் கேட்டது?

ஜனவரி 25, புதன்

மற்ற வாசலால் நுழைந்து பன்னிரண்டு வரியையும் அழித்து, புதிதாகத் தட்டினேன். வலது பக்கம் பல்லுப்போன வாய்போல இருந்தது. அச்சடித்தேன். நாற்பத்து மூன்று.

கனகலிங்கத்தின் மேசையில் வைத்தேன். அவர் பேனையைத் தொடவில்லை.

“முதல் லிஸ்ற்றோட போன கடிதத்தில என்ன இருக்கெண்டு தெரியுமோ? ‘கொம்பியூட்டரால் தயாரிக்கப்பட்டமையால் பிழைக்கு இடமில்லை.’”

“தெரியும், சேர். அந்த வசனம் நான் எழுதித் தந்தது.”

“நல்ல வசனம். இப்ப ரெண்டாவது லிஸ்ற் போனால் ஒண்டையும் நம்பமாட்டினம். மேல்கரையும் சேந்து போகும். முப்பத்தொரு பேரையும் விடச் சொல்லுறீரோ?”

மனிதர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, வலது ஓரம்கூட நேராக இருந்தது. அடுத்த காணிக் கச்சேரிக்குப் பார்ப்போம் என்றார். அடுத்தது எப்போது என்று கேட்டேன். முந்தியது எழுபத்தொன்பதில் நடந்தது என்றார்.

பெப்ரவரி 2

கையெழுத்தில்லாத பட்டியலை மடித்து என் பையில் வைத்தேன். அழகம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சேலை எது உடுக்கலாம் என்று விமலேஸ்வரியிடம் கேட்டுவிட்டுப் போனாவாம்.

பெப்ரவரி 3, வெள்ளி

பள்ளிக்கூட மண்டபம். முப்பத்தொரு பெயர் கூப்பிடப்பட்டது. ஒவ்வொருவராக எழும்பி, கையெழுத்தோ பெருவிரலோ வைத்தார்கள். கீழ்கரையார் பன்னிரண்டு குடும்பமும் பின்வரிசை வாங்குகளில், குளித்து முழுகி, திருநீறு பூசி இருந்தார்கள். ஆண்டியப்பனின் முழங்காலில் இன்னும் கட்டு. காணி அதிகாரி கோப்பை மூடினார். நான் போய் என் கடதாசியை நீட்டினேன்.

“இதையும் உங்கட கொம்பியூட்டர்தான் அடிச்சதோ?”

“ஓம்.”

“முதல் வந்ததையும்?”

“ஓம்.”

“அப்ப அது பிழைவிடுமோ?”

“அது விடேல்லை, ஐயா. நான் விட்டது.”

“பிழை விட்ட ஆள் கையெழுத்தும் இல்லாமல் கொண்டுவாறதை நான் எப்பிடி எடுக்கிறது? நீங்களே சொல்லுங்கோ.”

நானே சொல்லவேண்டியிருந்தது. கடதாசியை மடித்துத் திரும்பப் பையில் வைத்தேன்.

வெளியே வேம்படியில் அழகம்மா.

“ஐயா, நான் பாத்தேனேங்க. இதுதான் நீங்கன்னு வெரல் வச்சு நீங்கதானே காட்டுனீங்க?”

“ஓம் அழகம்மா. இருந்தது.”

“இருந்துச்சுன்னா எங்கங்க போச்சு?”

கடைசி எழுத்தில ஒரு அடையாளம் எண்டு சொல்லத் தொடங்கினனான். அவா தலையாட்டிக் கேட்டா, மரியாதையா. என்ர பிழை எண்டு சொன்னன். அதுக்கும் தலையாட்டினா. ஏசியிருக்கலாம். ஏன் ஏசேல்லை?

பெப்ரவரி 6

பெப்ரவரி 25க்கு முன் எழும்பவேண்டுமென்று கீழ்கரைக்கு அறிவித்தல். தட்டச்சு செய்தது நான். மேன்முறையீட்டு மனு ஒன்று எழுதிப் பன்னிரண்டு பேரிடமும் ஒப்பம் வாங்கினேன். கையால் எழுதினேன்.

பெப்ரவரி 20

மனு கிடைத்ததாகப் பதில் வந்தது. மனு கிடைத்தது என்பதே பதில்.

பெப்ரவரி 27, திங்கள்

வலது ஓரத்தை அறுபத்தைந்துக்குத் திருப்பி வைத்தேன். சாட்சிகள் இல்லை.

மார்ச் 12, திங்கள்

தேநீர் இப்போது சந்திக் கடையிலிருந்து வருகிறது. அழகம்மாவும் ஆண்டியப்பனும் ஜெயபுரம் பக்கம் போனதாக இளையதம்பி சொன்னான், நிச்சயமாகத் தெரியாதாம்.

காணிக் கந்தோரிலிருந்து புதிய பெயர்கள் வந்தன. கீழ்கரையில் ஆட்களற்றவை என்று பதிவாகியுள்ள பன்னிரண்டு துண்டுகளுக்கும் தெரிவாகியிருக்கும் குடும்பங்கள். ‘ஆவணமல்லாதது’ வாசலால் திறந்து, பழைய வரிகளை அழித்து, இவர்களைப் பதிந்தேன். நேர்ப்படுத்தவில்லை. வெளியே நின்றும் ஒருமுறை சரிபார்த்தேன். பன்னிரண்டரைக்கு அச்சடித்தேன்.

நாற்பத்து மூன்று குடும்பங்களும் வந்தன.