ஒப்புதலை ஏற்க மறுத்த நீதிபதிக்கு

இன்று நீதிமன்ற மின்தூக்கியில் நனைந்த கம்பளியின் மணம். யாரோ ஒரு சட்டத்தரணி மழையில் சைக்கிளில் வந்திருக்க வேண்டும். இறங்க வேண்டிய மாடியில் இறங்க மறந்து நின்றேன். கறுப்பு அங்கிக்குள் ஈரக் கம்பளிச் சட்டையோடு ஆசனத்தில் அமர்ந்த நீதிபதி ஒஸ்லோவில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் இறந்துபோனபின் வரும் முதல் இலையுதிர்காலம் இது.

இந்த நாட்டில் நீதிபதியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மொழிபெயர்ப்பாளராக உங்கள் முன் எத்தனையோ வழக்குகளில் இருந்தும் எனக்கு அது வரவேயில்லை. மனதுக்குள் எப்போதும் ‘நீங்கள்’தான்.

பக்கத்து நகரான திராமனில் குடியிருந்த அந்தத் தமிழ்ச் சமையற்காரரை நினைத்துக்கொள்கிறேன். உணவகச் சமையலறையில் நடந்த சண்டையில் கூட வேலை செய்தவருக்குக் கத்திக்குத்து. இவர் பொலிஸாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்டவருக்கு நீண்ட விசாரணை கிடையாது. ஒரு நீதிபதி கேட்டு உறுதிசெய்து தண்டனை விதித்தால் போதும். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றே எல்லோரும் இருந்தோம்.

“குத்தியது நீங்களா?” என்று கேட்டீர்கள்.

“ஓம்.”

“கத்தி வலக்கையில் இருந்ததா?”

“ஓம்.”

நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். “இடக்கையிலா?”

“ஓம்.”

அரச வழக்கறிஞர் கடிகாரத்தைப் பார்த்தார். நீங்கள் என் பக்கம் திரும்பி, “இந்தச் சொல்லுக்கு எப்போதும் ஆம் என்றுதான் பொருளா?” என்றீர்கள். கேட்காமல் நான் எதையும் விளக்கக் கூடாது. கேட்டதால் சொன்னேன்: “சொல்வது காதில் விழுகிறது என்பதற்கும் ஓம் என்போம். பயத்திலும் சொல்வோம்.”

நீங்கள் இறங்கி வந்து அவருக்கு எதிரே ஒரு கதிரையில் அமர்ந்தீர்கள். நீங்கள் மெல்லச் சொன்னதை எங்கள் பேச்சில் அவருக்குச் சொன்னேன்: “இஞ்சை ‘இல்லை’ எண்டு சொன்னாலும் ஒருத்தரும் உங்களை அடிக்கமாட்டினம்.”

அவர் என்னைப் பார்த்தார். “உண்மையாவோ தங்கச்சி?”

அதையும் உங்களுக்கு மொழிபெயர்த்தேன். தலையசைத்துவிட்டுக் காத்திருந்தீர்கள். அந்த அறையில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

“நான் குத்தேல்லை,” என்றார் கடைசியில். “சண்டையை விலக்குப் பிடிக்கப் போனனான். பொலிஸ் கேக்கேக்கை ஓம் எண்டிட்டன். ஊரிலை ஆமி பிடிச்சு வைச்சிருக்கேக்கை, ஓம் எண்ட பிறகுதான் அடி நிண்டது.”

ஒப்புதலை ஏற்க மறுத்து வழக்கை முழு விசாரணைக்கு அனுப்பினீர்கள். அங்கே சாட்சிகள் பேசினார்கள். அவர் விடுதலையானார்.

உங்களை மெதுவான நீதிபதி என்பார்கள். மேல்நீதிமன்றப் பதவிக்கு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. நீங்கள் ஓய்வுபெற்ற பின், ட்வெய்ட்டாவில் ஒரு கடையில் கோப்பி குடித்தபடி, அதில் வருத்தமா என்று கேட்டேன். நோய் அதற்குள் உங்கள் குரலை மெலிவித்திருந்தது. “இருந்தது,” என்றீர்கள். “ஆனால் விரைவாகக் கேட்க எனக்கு வரவில்லை.”

போன கிழமை அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். சத்திரசிகிச்சை பற்றி அவர் சொன்னதற்கெல்லாம் அம்மா “ஓம், ஓம்” என்றார். மருத்துவர் எழுந்துவிட்டார். நான் எழும்பவில்லை. “அம்மா, உங்களுக்குச் சம்மதமோ?” என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தேன்.

“பயமாக் கிடக்கு பிள்ளை,” என்றார் அம்மா.

மருத்துவரை மறுபடியும் உட்காரச் சொன்னேன்.