ஒலி மன்றத்தின் செயலாளர் அன்ரனுக்கு

என் அன்ரன்,

மன்ற இதழுக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். உன்னைப் பற்றி எழுத வரவில்லை, உன்னோடு பேசத்தான் வருகிறது. மற்றவர்களும் வாசிக்கட்டும். அன்றைக்கு நான் சொன்னதை அவர்களும் கேட்டவர்கள்தானே?

நீயும் நானும் கல்லூரியில் ஒலி மன்றத்தைத் தொடங்கியபோது, ஒலித் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளில் நான்கு பேர்தான் வந்தார்கள். நான் தலைவர், நீ செயலாளர். புதன்கிழமைப் பின்னேரங்களில் ஒலிப்பதிவு அறையில் கூடுவோம். ஆய்வுகூடத்தில் சத்தம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி, பஸ்ஸுக்குள் எவ்வளவு இரைச்சல், விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசைக்கு என்ன கேட்கிறது என்று அளந்து திரிவோம். நீ கை தட்டுவாய், எதிரொலி அடங்கும் வரை நான் எண்ணுவேன். அதுவரை எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

பிறகு நீ அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாய். உரும்பிராயில் எங்கள் கோயில் திருவிழாச் சத்தத்தை மன்றம் அளக்க வேண்டும் என்றாய். மன்றத்தில் இருக்கும் துவாரகாவின் வீடு கோயிலடியில். போன திருவிழாவில் அவளுடைய அக்கா சத்தம் தாங்காமல், பத்து நாளும் கைக்குழந்தையோடு மானிப்பாயில் மாமி வீட்டில் இருந்தாராம். அந்த ஒலிபெருக்கிகள் என் சித்தப்பாவுடையவை. சனி ஞாயிறுகளில் அவற்றுக்கு வயர் இழுப்பவன் நான். அது உனக்கும் தெரியும். நான் மறுத்தேன்.

"நீ மன்றத்தின்ரை தலைவரோ, சித்தப்பாவின்ரை ஆளோ?" என்று கேட்டாய்.

"குருநகர்க் கடற்கரையிலை இருந்து வந்து எங்கடை கோயிலைப் பற்றிக் கதைக்காதை" என்றேன்.

நீ கொப்பியை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாய். கண் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்தேன். அது காய்ச்சல்.

டெங்கு என்று உன்னை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள் எனக் கேள்விப்பட்டும் நான் வரவில்லை. கொஞ்சம் சுகமாகட்டும், பிறகு போய்க் கதைப்போம் என்று இருந்தேன். ஐந்தாம் நாள் நீ இல்லை. ஏன் வரவில்லை? பஸ்ஸில் அரை மணித்தியாலம்கூட இல்லையே. இதைக் கேட்டுக் கேட்டு இன்னும் ஓரிடத்தில் இருக்க முடியாமல் நடக்கிறேன்.

மூன்று மாதம் மன்றம் கூடவில்லை. ஒருநாள் கன்ரீனில் துவாரகா என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, மன்றம் இருக்கோ, இல்லையோ? ஒரு பதிலைச் சொல்லுங்கோ."

கையில் உன் கொப்பி. அடுத்த கூட்டத்துக்கென்று நீ எழுதி வைத்திருந்தது கோயிலைப் பற்றியே இல்லை. 'முதலில் எங்கள் காதுகளைச் சோதிப்போம்' என்று ஒரே ஒரு வரி.

சோதித்தோம். ஹெட்போனில் மெல்லிய ஒலிகள் ஒவ்வொன்றாக வரும், கேட்டதும் விரலை உயர்த்த வேண்டும். என் இடது காதுக்குக் கீச்சென்ற ஒலிகள் மங்கலாகத்தான் வந்தன. ஹெட்போனில் பிழையோ என்று மாற்றிப் போட்டும் பார்த்தேன். பிழை காதில்தான். எனக்கு இன்னும் இருபத்துமூன்று முடியவில்லை, அன்ரன்.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். முழங்காலில் கையை வைத்து, பரீட்சைக்கு வந்தவர் போல நிமிர்ந்து இருந்தார். துவாரகா ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது ஹெட்போனிலிருந்து கசிந்து கேட்டது. அவருடைய விரல் உயரவில்லை.

"இன்னும் தொடங்கேல்லையோ, பிள்ளை?" என்றார்.

துவாரகா என்னைப் பார்த்தாள். நான் யன்னலைப் பார்த்தேன்.

அவருக்குக் கேட்கும் அளவைக் காட்டும் கோடு கணினியில் கீழே விழுந்து கிடந்ததைக் காட்டி விளக்கினோம். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "அப்ப எனக்குக் கேக்கிற அளவுக்கெல்லே இவ்வளவு காலமும் ஊருக்குப் போட்டனான்?" என்றார்.

இந்த வருடத் திருவிழாவுக்கு சித்தப்பாவின் இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி அடுக்குகளும் வரவில்லை. வீதி நெடுகச் சின்னப் பெட்டிகளை வைத்தோம். சத்தத்தின் அளவை மன்றம் பார்த்துக்கொண்டது. ஐயர் சொன்ன மந்திரம் சொல் சொல்லாகக் கேட்டது. தர்மகர்த்தாவுக்குப் பிடிக்கவில்லை.

"இது கோயில் திருவிழாவோ, வாசிகசாலையோ? இந்தச் சத்தம் போதுமோ? காணாது!" என்று சித்தப்பாவிடம் பாய்ந்தார்.

"எனக்கும் காணாதுதான். உங்களுக்கும் காணாதெண்டால் ஒருக்கா வந்து காதைக் காட்டுங்கோ" என்றார் சித்தப்பா.

எட்டு நாள் தாக்குப்பிடித்தோம். துவாரகாவின் அக்கா வீட்டைவிட்டுப் போகவில்லை. ஒன்பதாம் நாள் தேருக்கு வேறு ஒலிபெருக்கிக்காரரைப் பிடித்துவிட்டார்கள். காலையிலேயே யன்னல் கண்ணாடிகள் அதிரத் தொடங்கின. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் சித்தப்பாவும் தேர் வீதியில் வேலை இல்லாமல் நின்றோம். நாங்கள் வென்றோமா, தோற்றோமா? நீ இருந்தால் கொப்பியில் என்ன எழுதியிருப்பாய்?

போன ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடியட்டும் என்று பார்த்திருந்து உன் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொன்ன அந்தச் சொல்லை அப்படியே உன் அம்மாவிடம் சொன்னேன். சித்தப்பாவின் காதைச் சோதித்ததையும் சொன்னேன். அவர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நான் குடித்து முடிக்கும்போதுதான் கதைத்தார். "இவன்ரை அப்பாவுக்கும் கூப்பிட்டால் கேக்கிறேல்லை, தம்பி. எத்தினை வருசம் போட் எஞ்சினுக்குப் பக்கத்திலை இருந்த மனிசன். அவரையும் ஒருக்காப் பாப்பியோ?"

"ஓம் அம்மா" என்றேன்.

வருகிற சனிக்கிழமை மன்றம் குருநகருக்கு வருகிறது. இப்போது நாங்கள் பதினொரு பேர். காது வைத்தியர் ஒருவரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கடலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் காதைச் சோதிக்க வந்து உட்காருவார்கள்? காதில் குறை என்று தெரிந்தாலும் யார் எஞ்சினை விட்டுத் தள்ளி இருக்க முடியும்?

உன் அப்பாவுக்கு ஹெட்போனை நானே மாட்டிவிடுவேன். கிளினிக்குக்குப் போகச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் நானே கூட்டிக்கொண்டு போவேன். இந்த முறை பிந்தமாட்டேன், அன்ரன்.

உன்னோடு சண்டை பிடித்த,
உன் சகோதரன்
கபிலன்