கடப்பாரையில் கட்டிய ரேடியோ

மதகடிப்பட்டு
ஐப்பசி, 1939

சைகோனில் இருக்கும் என் மகன் கமருதீனுக்கு அம்மா ரோஷன் பீவி சலாமும் துஆவும் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நானும் அத்தாவும் இரண்டு ஆடுகளும் சுகம். இந்த வருஷமும் வர முடியாது என்று உனக்குப் பதிலாக ஒரு ரேடியோப் பெட்டியை அனுப்பினாயே, அதுவும் சுகம். ஆனால் சுகம் என்று எழுத முடியாமல் போயிருக்கும், அந்தக் கதையைக் கேள்.

தென்னை மரத்தில் மேல் கம்பியைக் கட்டு, ஈர மண்ணில் இரும்பை அடித்து அதில் மண் கம்பியைக் கட்டு, இடி வந்தால் மேல் கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கி மண் கம்பியோடு சேர்த்துவிடு, மின்னல் மண்ணுக்குள் போய்விடும் என்று நீ எழுதியதை அத்தா நாலு தரம் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, இரும்புதானே என்று நம் கடைக் கடப்பாரையைக் கிணற்றடியில் நட்டு அதில் கம்பியைக் கட்டிவிட்டார். நட்டு நிற்கிற கடப்பாரையைப் பார்த்தால் நம் தெருக்காரர்கள் சும்மா போவார்களா? ஆளாளுக்குத் தேங்காயைக் கொண்டுவந்து உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் கோடி வீட்டுச் சிங்காரவேலு அதைப் பிடுங்கிக்கொண்டே போய்விட்டார். கல்யாணத்துக்கு இருநூறு காயாம். அத்தா கேட்டதற்கு, "எங்க ஓடிடப் போவுது பாய், உரிச்சிட்டு நட்டுடறேன்" என்றாராம். மண் கம்பி மட்டும் நாய் வால் போலத் தரையில் கிடந்தது. திருப்பி நட்டாரா என்று அத்தா போய்ப் பார்க்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மனுஷர் பெட்டி முன்னால் இருந்து அசையவில்லை. கம்பியைக் கழற்றுங்கள் என்றால், "இன்னா அவசரம், நெலக்கடல வெல சொல்லப் போறான்" என்கிறார். எனக்குத் தெரியாதா? அவர் திருப்பி வைத்திருந்தது சைகோன். நீ மையால் புள்ளி வைத்து அனுப்பினாயே, அந்த இடத்தை விட்டு முள் நகர்ந்ததே கிடையாது. அதில் பேசுவது பிரெஞ்சு, இவருக்கு ஓர் எழுத்துப் புரியாது. ஆனாலும் மகன் இருக்கும் ஊர் பேசுகிறதே என்று தினமும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சண்டை தொடங்கிக் கப்பல் தாமதமானதிலிருந்து இன்னும் மோசம். இதை நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே.

முதல் இடி தூரத்தில் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. அகப்பைக் காம்பால் மேல் கம்பியைத் தட்டிக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டேன். பெட்டி ஊமையானது. "அறிவிருக்கா ரோஷன், நல்லாக் கேட்டுக்கினு இருந்தேன்" என்று என்னிடம் குதித்தார். குதித்து முடிப்பதற்குள் வீடே வெளுத்துப் போனது. தென்னங்குருத்து கருகி, கம்பி துண்டு துண்டாக உருகி, ஜன்னல் ஓரம் ஒரு சாண் சுவர் பெயர்ந்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அதற்கும் கை நீட்டும் தூரம்தான். பெட்டி போனால் போகட்டும், அவருக்கு ஒன்று ஆகியிருந்தால் நான் என்ன செய்வேன் கமரு? அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் கடையில் அத்தா சொன்ன கதையில் கம்பியைக் கழற்றியது அவர்தான். அகப்பை வரவே இல்லை. நானும் விட்டுவிட்டேன். சிங்காரவேலு கடப்பாரையையும் நாலு லட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது புதுக் கம்பி கட்டியாகிவிட்டது. மரப்பாலத்தில் பாரவண்டி கடகடவென்று போனால்கூட அத்தா கடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கம்பியைப் பிடுங்குகிறார். நான் சிரிப்பதற்கு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

உனக்கு ஏதாவது எழுதட்டுமா என்று அத்தாவிடம் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். அப்புறம் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "அங்கயும் இடி இடிக்கும், கம்பியக் கழட்டிட்டுப் படுக்கச் சொல்லு. அவன் மறதிக்காரன், சொல்ல யாரு கீறாங்க" என்றார். அதையேதான் நானும் கேட்கிறேன். யார் இருக்கிறார்கள்? பாகூரில் பரிதா என்று ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறேன். இடிக்குப் பயப்படுவாளா என்று கேட்டேன், இல்லையாம். வீட்டில் அகப்பை பிடிப்பாளா என்றும் கேட்டுவிட்டேன். பெருநாளுக்குள் புறப்பட்டு வா. அத்தா புரியாத பிரெஞ்சைக் கேட்டது போதும்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. கம்பியை மறக்காதே.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
ரோஷன் பீவி