பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு வந்த சாரை

கீழக்கரை

அன்பு மகன் பர்வேஸுக்கு உம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட கிருபையால இங்கன நானும் வாப்பாவும் உன் தங்கச்சி சுஹாவும் கை காலுக்குச் சேதாரம் இல்லாம இருக்கோம். சேதாரம்னு ஏன் சொல்றேன்னு படிச்சா உனக்கே விளங்கும். அங்கன நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேக்குறேன்.

போன் இருக்கும்போது எதுக்குத் தாளும் பேனாவும்னு நினைக்காதே மகனே. போன்ல நீ என்னைப் பேசவே விடல. சுஹாவுக்குத் திமிரு, நல்ல மாப்பிள்ளையை வேணாம்னுட்டான்னு ஒரே சத்தம். இஃப்திகார் உன் கம்பெனிக்காரன், நீயே பார்த்துக் கொண்டுவந்த சம்பந்தம், உனக்குக் கோவம் வரத்தான் செய்யும். ஆனா லீவு முடிஞ்சு தோஹா வந்தவன், வீட்டுக்குள்ள நல்லபாம்பு வந்துச்சு, நான்தான் விரட்டுனேன்னு உன்கிட்ட சொன்னானாமே, அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. வந்தது நல்லபாம்பு இல்ல, சாரை. பக்கத்து வீட்டு பாக்கர் நாளைக்கு அங்கன பயணம் வாரான், அவன்கிட்டயே குடுத்து விடுறேன், நிதானமாப் படி.

நம்ம வீட்டுக்குப் பின்னால இருந்த கருவேலங்காட்டை ஜேசிபி வச்சு அழிச்சுட்டாங்க, அதுல குடியிருந்ததெல்லாம் இப்ப நம்ம தெருவுலதான் குடியிருக்கு. போன மாசம் ஒரு கீரி என் கண்ணு முன்னால கோழிக்குஞ்சைக் கவ்விக்கிட்டு, நான்தான் ஏதோ தப்புப் பண்ண மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போச்சு. பரண்ல எலி ராத்திரி பகல் தெரியாம ஓடுது. அந்த நிலைமையிலதான் அவன் லீவுல வந்திருந்தப்ப ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு இஃப்திகாரும் அவன் உம்மா ருக்ஸானா மாமியும் வந்தாங்க. இனிப்புக்கு வட்டிலப்பம் வச்சேன், சுஹா வந்து சலாம் சொல்லி உக்காந்தா, மாமி பி.எட். முடிச்சுட்டியாம்மான்னு கேட்டுக்கிட்டு இருக்கையில பரண்ல இருந்து ஒரு எலி நேரா வட்டிலப்பத்துல விழுந்துச்சு. என்னன்னு பார்க்கிறதுக்குள்ள அது பின்னாலயே துணி காயப்போடுற கொடிக்கயிறு மாதிரி ஒரு சாரை இறங்கிருச்சு. எலி ஓடி மாமி நாற்காலிக்கு அடியில பூந்துச்சு. இஃப்திகார் உம்மான்னு அலறிக்கிட்டு எந்திரிச்சான், அடடா பெத்தவளைக் காப்பாத்தப் போறான்னு நினைச்சேன், அவன் மாமியோட தோள்ல கைய ஊனி மடியில கால வச்சு டைனிங் டேபிள்ல ஏறிட்டான். நாற்காலி சரிஞ்சு மாமி தரையில கிடக்காங்க. கப்பல்ல எத்தனையோ புயலைப் பார்த்த உங்க வாப்பா பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, நூரு நீ எங்கன இருக்கேன்னு கேக்குறார். நான் தையல் மிஷின் மேல இருந்தேன், இந்த முட்டிவலியோட எப்படி ஏறுனேன்னு ரப்புக்குத்தான் தெரியும். சுஹா மட்டும்தான் பக்கத்துல போய் மாமியைக் கக்கத்துல கை குடுத்துத் தூக்கிக் கட்டில்ல போட்டா.

பாம்பு நடுக் கம்பளத்துல எலியைப் பிடிச்சுத் தலையில இருந்து விழுங்க ஆரம்பிச்சுச்சு. எங்க யாரையும் அது சட்டை பண்ணல, அது பாட்டுக்குத் தின்னுது. யாரும் இறங்க முடியல, சும்மா இருக்கவும் ஒரு மாதிரியா இருக்கு. மரியாதைக்கு ஏதாவது பேசணுமேன்னு வாப்பா பாத்ரூமுக்குள்ள இருந்தே தம்பி உங்களுக்கு ஓவர்டைம் உண்டான்னு கேட்டார். டேபிள் மேல நின்னுக்கிட்டே அவன் உண்டு மாமா, வெள்ளிக்கிழமை மட்டும் கிடையாதுங்குறான். அப்புறம் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுலதான் நான் இருக்கணுமான்னு கேட்டான். மாப்பிள்ளை பொண்ணு வீட்டுல இருக்குறதுதானே நம்ம ஊரு வழக்கம் தம்பின்னு வாப்பா சொன்னதும் அவனுக்கு என்ன ஆச்சோ, டேபிள்ல இருந்த ஆரஞ்சை எடுத்துப் பாம்பு மேல எறிஞ்சான். எலி முழுசா உள்ள போய் வால் மட்டும் வெளியில தொங்குற நேரம் அது. பாம்பு மிரண்டு, விழுங்குன எலியை அப்படியே கம்பளத்துல கக்கிட்டுத் தண்ணி போற ஓட்டை வழியா ஓடிருச்சு. இதைத்தான் மகனே அவன் விரட்டுனேன்னு சொல்றது.

பாத்ரூமை விட்டு வெளிய வந்த வாப்பா, உயிருக்குப் பயந்தா பாம்பு தின்னதைக் கக்கிட்டுத்தான் ஓடும், பாரம் குறையணும்லன்னு விளக்கம் சொல்றார். மாமி இடுப்பைத் தடவிக்கிட்டே வாப்பாவைப் பார்த்து, அது எலியைத்தான் விட்டுட்டுப் போச்சு காக்கா, என் மகன் என்னையவே விட்டுட்டான்னாங்க. உம்மா நான் உங்களை ஒதுக்கித்தான் விட்டேன்னு இஃப்திகார் சொன்னான். யாருக்கும் சிரிப்பு வரல. சுஹா சுடுதண்ணியில துண்டை நனைச்சு மாமி இடுப்புக்கு ஒத்தடம் குடுத்தா.

அவங்க போன பிறகு, பயம் யாருக்கும் வரும் மகளே, உங்க வாப்பாவைப் பார்த்தேல்லன்னு நான் சொல்லத்தான் செஞ்சேன். அதுக்கு அவ, வாப்பா ஓடுனாங்க உம்மா, யாரையும் மிதிச்சு ஏறலைன்னு சொன்னா. இதுக்குப் பதில் உனக்கு வந்தா நீ சொல்லு.

வேணாம்னு சொல்லி விட்டதும் மாமி போன் பண்ணாங்க. ஏசப் போறாங்கன்னு பயந்துக்கிட்டே எடுத்தேன். அவங்க, நூரு நீ செஞ்சதுதான் சரி, பெத்ததுக்கு நான் வச்சுக்கிறேன், உன் மகளுக்கு என்ன தலையெழுத்துன்னு சொல்லிட்டு அழுதாங்க. பையன் வரல, நான் மட்டும் வந்து போய்க்கட்டுமான்னு கேட்டாங்க. வேணாம்னு எப்படிச் சொல்ல? இப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஆட்டோவுல வந்து இறங்குறாங்க, சுஹா கையால ஒத்தடம் குடுத்தாத்தான் இடுப்பு கேக்குதாம். நாங்க மாப்பிள்ளை பார்த்தோம், மாமியார் மட்டும் வந்து சேர்ந்துட்டாங்க.

அதனால அவளை ஏசாதே, நீயே போன் போட்டு ரெண்டு நல்ல வார்த்தை பேசு. இஃப்திகாரைப் பார்த்தா சலாம் சொல்லு, பாம்புப் பேச்சை எடுக்காதே, அவன் உம்மாவுக்குப் போன் போடணும்னு மட்டும் சொல்லு, அவங்க போனைப் பார்த்துக்கிட்டே இருக்காங்க. பாக்கர்கிட்ட நெத்திலிக் கருவாடு குடுத்திருக்கேன், ரூம்ல இருக்கிறவங்களுக்கும் குடு. பல்லு வலிக்குதுன்னியே, தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டு. இந்நேரம் மாமி வந்து பக்கத்துல உக்காந்திருக்காங்க, உனக்குச் சலாம் சொல்லச் சொல்றாங்க. உனக்குப் பொண்ணு பார்க்கிற பொறுப்பு இனிமே தன்னோடதாம், ஒரே பிடியா நிக்கிறாங்க, நான் சரின்னுட்டேன்.

அல்லாஹ் உன் ஆயுசையும் பிழைப்புக்கான ரிஸ்கையும் பெருக்கி, உன்னை எந்தப் பலாய் முசீபத்தும் அண்டாமக் காப்பாத்தட்டும், ஆமீன்.

உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கிற உம்மா,
நூர் நிஷா