கூட்டி வைத்த ஆறு டிகிரி

அக்டோபர் 10, 1994. திங்கள்.

மழை. ஏரிப் பக்கத்து ஜன்னல்கள் இரண்டு ஒழுகின, வாளி வைத்தேன். மாளிகைக் கூடத்துக் குழாய் ஆர்கன் வேலை இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும் என்று, அதைப் பழுதுபார்க்கும் மிஸ்டர் டெட்ரிக் காலையில் சொன்னார். பதினெட்டு மாதம். ஆயிரத்து நூறு குழாய்களையும் கழற்றி, கழுவி, நைந்த தோலெல்லாம் மாற்றி, திரும்ப நட்டாயிற்று. இனி சுருதி சேர்ப்பதுதான் பாக்கி. 23-ஆம் தேதி, ஞாயிறு, கச்சேரி. அறுபது வருடம் ஊமையாகக் கிடந்த வாத்தியம் பேசப்போகிறது. இந்த மாளிகையைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் நான் துள்ளிக் குதிக்க வேண்டும். ஏன் மிச்ச நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்?

அக்டோபர் 12. புதன்.

சுருதி சேர்க்கும்போது வாத்தியத்தின் கட்டைகளை அழுத்திப் பிடிக்க ஆள் வேண்டுமாம். வழக்கமாக வருகிறவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. அவர் கேட்டு முடிப்பதற்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். நான் வெளியே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அவர் மரத் தட்டிக்குப் பின்னால், குழாய்களுக்கு நடுவே நின்று அதைச் சரிசெய்வார். "அடுத்தது" என்பார். நான் அடுத்த கட்டைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஐந்து மணி நேரம். ஆள் தெரியாது, குரல் மட்டும். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறதாம், முட்டையைத் தவிர எதுவும் சமைக்க வராதாம். முகம் பார்க்காமல் பேசுவதால் எவ்வளவு சுலபமாக வருகிறது பேச்சு!

அக்டோபர் 13.

"அடுத்தது" - இன்று 412 தடவை. எண்ணினேன். வின்னி ஸ்டால், உனக்கு வயது ஐம்பத்தேழு.

அக்டோபர் 15. சனி.

மதியம் படகுத்துறைக் கடையில் பெர்ச் மீன் வாங்கி வந்தார், இரண்டு பேருக்கு. தின்றுகொண்டே விளக்கினார்: சூடு ஏறினால் சாதாரணக் குழாய்களின் சுருதி ஏறிவிடும், உள்ளே பித்தளை நாக்கு வைத்த குழாய்கள் அப்படியே நிற்கும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் சகிக்காது. "ஹீட்டர் அறுபத்தெட்டு பாரன்ஹீட்லயே இருக்கட்டும் மேடம். ஆறு டிகிரி ஏறினாப் போதும், என் வேலை கந்தல்."

செவ்வாயோடு முடித்துவிடுவாராம். புதனன்று கிராண்ட் ராப்பிட்ஸ், அங்கே வேறு ஒரு வீட்டு ஆர்கன், ஒரு வருட வேலை. கச்சேரிக்குக்கூட இருக்க மாட்டார். மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். போகாதே என்று எப்படிச் சொல்வது? யார் நான்?

அக்டோபர் 16. ஞாயிறு.

எழுபத்து நான்கு. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அக்டோபர் 17.

வேலை செய்துவிட்டது! முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். குழாய்கள் சண்டை போடுகின்றனவாம், முதலிலிருந்து பார்க்க வேண்டுமாம். பயணத்தைத் தள்ளிவைத்து அங்கே போன் செய்தார். நான் பாத்திர அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். ஒரு சாஸ் கிண்ணம் உடைந்து போயிற்று.

அக்டோபர் 19.

மாளிகை அறக்கட்டளைத் தலைவி மிசஸ் கார்வர் வந்தாள். ஏன் இப்படிப் புழுங்குகிறது என்றாள். பழைய மரம், ஈரம் காய வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பின்னால் நின்ற டெட்ரிக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 20.

ரொம்ப நிதானமாகிவிட்டார். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே இருபது நிமிடம் கதை. கிளீவ்லண்டில் ஒரு வீட்டில், மிகப் பெரிய குழாய்க்குள் ஒரு பல்செட் கிடந்ததாம். யாருடையது என்று அந்த வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லையாம். கை மரத்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

அக்டோபர் 21. வெள்ளி.

பாவி நான். கச்சேரிக்கு வாசிக்கும் பெண் ஒத்திகைக்கு வந்தாள். பத்து நிமிடத்தில் மூடியைச் சாத்திவிட்டு, பூனைச் சண்டை மாதிரி இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். கச்சேரியை ரத்து செய்யலாமா என்று மிசஸ் கார்வர் கேட்கிறாள். அவர் தலைகுனிந்து நின்றார். முப்பது வருடத்து நல்ல பெயர். எவளோ ஒருத்திக்கு ஆசை வந்துவிட்டதென்று - சீ, என்ன காரியம்டீ பண்ணி வச்சிருக்கே? காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன். மூஞ்சியில் காறித் துப்பட்டும்.

அக்டோபர் 22. சனி.

சொன்னேன். தட்டிக்கு வெளியே நின்றுகொண்டு, "ஹீட்டரைக் கூட்டினது நான்தான்" என்றேன்.

உள்ளே வரச் சொன்னார். முதல் தடவை. ஏணி ஏறி, குழாய்களுக்கு நடுவே குனிந்து போனால், அவர் கண் மட்டத்தில் ஒரு வெப்பமானி தொங்குகிறது. பக்கத்துப் பலகையில் பென்சில் எழுத்து. சுருதி சேர்க்கிறவர்கள் தினமும் காலையில் எழுதி வைப்பார்களாம், தேதியும் டிகிரியும். பதினேழு - 74. பதினெட்டு - 74. அப்படியே நேற்று வரைக்கும்.

"உள்ள நுழைஞ்சதும் நான் மொதல்ல பாக்கறதே இதைத்தான்" என்றார்.

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க குறைச்சிடுவீங்களே."

இந்த ஐந்து நாளும் அவர் ஒரு குழாயைக்கூடத் தொடவில்லையாம். ஸ்டூலில் உட்கார்ந்து "அடுத்தது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். சூட்டைக் குறைத்தால் எல்லாம் தானே பழைய சுருதிக்கு வந்துவிடுமாம், மீதியிருக்கும் கொஞ்சக் குழாய்களை இன்றே முடித்துவிடலாமாம். இன்று தானே குறைக்கத்தான் இருந்தாராம், நான் வாய் திறக்கிறேனா என்று காலை வரை பொறுத்தாராம். நேற்று ராத்திரி முழுக்க நான் அழுததற்கு என்ன பதில் என்று சண்டைக்குப் போனேன். காது வரை சிவந்துவிட்டார்.

"கிராண்ட் ராப்பிட்ஸுக்குப் போன்ல என்னதான் சொன்னீங்க?"

"கட்டை பிடிக்க நல்ல ஆள் கெடைச்சிருக்காங்க, கூட்டிட்டு வர நாளாகும்னு சொன்னேன். வருவியா வின்னி?"

நான் ஏணியிலிருந்து விழாதது ஆச்சரியம்.

அக்டோபர் 23. ஞாயிறு.

அறுபத்தெட்டு. பாடியது, என்னமாய்ப் பாடியது! மிசஸ் கார்வர் அழுதாள். ஈரம் காய்ந்ததுதான் காரணம் என்று எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 9, 1995. கிராண்ட் ராப்பிட்ஸ்.

வெளியே பனி. இங்கே ஹீட்டர் சாவி வீட்டுக்கார அம்மாளிடம் இருக்கிறது. கோட்டும் குல்லாயும் போட்டுக்கொண்டு கட்டை பிடித்தேன், நாலு மணி நேரம். நடுவில் அவள் சூப் கொண்டுவந்து, "மிசஸ் டெட்ரிக், சூடு ஆறிடும், குடிங்க" என்றாள். போன சனிக்கிழமையிலிருந்து அந்தப் பெயரைத் திருத்த வேண்டியதில்லை. குடித்தேன்.